பெய்யாத மழையும் ஒரு திமிங்கலப் பல்லும்

மலையடி, வனுவா லேவு, ஃபிஜி
14 ஜூலை 1997

மச்சான் இசிகேலிக்கு,

நலம். நலத்துக்கு என்ன குறை? உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். தங்கச் சுரங்கத்தின் விபத்து மீட்புக் குழுவுக்கு இப்போது தற்காலிகத் தலைவன் நான். 'தற்காலிகம்' என்ற சொல்லை மேனேஜர் ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. கையும் குலுக்கினார். இரண்டு நிமிஷம் குலுக்கினார். உனக்கு விமானம் ஏறும்போது அரை நிமிஷம்தான், நான் பார்த்தேன்.

அலுவலகச் சுவரில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். விமானப் படிக்கட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாயே, அது. நான் அதைப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்குப் பதினொரு தடவை அந்தப் பக்கமாகப் போகிறேன், பதினொரு தடவையும் பார்ப்பதில்லை. சட்டத்துக்குப் பின்னால் கரப்பான் முட்டையிட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நீ பத்து நிமிஷம் எடுத்து மாட்டுகிற மூச்சுக்கவசத்தை நான் நாலு நிமிஷத்தில் மாட்டுகிறேன். மூன்று என்றே வைத்துக்கொள். பையன்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் வயிறு எரிகிறது. மே மாதம் நான் சித்தப்பா சாவுக்குத் தவெயுனி தீவுக்குப் போயிருந்த நாலு நாளில்தான் ஆஸ்திரேலியாப் பயிற்சிக்கான தேர்வை வைத்து முடித்தார்கள். படகை விட்டு இறங்கியபோது நீயே வந்து நின்று, "திடீர்னு வச்சுட்டாங்க மச்சான், ஒண்ணும் பண்ண முடியல" என்றாய். எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்போடு நின்றவனை வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மேனேஜருக்கு வெட்கம். அதனால் நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வைத்தார். பத்து வருஷம் இந்தக் குழுவில் இருக்கிறேன். நீ ஆறு.

உன் வீட்டில் எல்லோரும் நலம். தங்கச்சி டிட்டிலியாவும் நானும் பேசிக்கொள்கிற முறைதான் உனக்குத் தெரியுமே. அண்ணன் தங்கச்சி முகம் பார்த்துப் பேசுவது நம் ஊரில் என்றைக்கு இருந்தது? உன் வீட்டு நடுத்தூணிடம் நான் கேட்பேன், அவள் தூணிடம் பதில் சொல்வாள். நேற்று தூணிடம் சொன்னாள், "அவர் இல்லாமலும் குழு நல்லாத்தான் நடக்குதாம்" என்று. நான் கேட்கவே இல்லை, தானாகச் சொன்னாள்.

நேமானி
(தலைவர்)


கல்கூர்லி, மேற்கு ஆஸ்திரேலியா
27 ஜூலை 1997

மச்சான்,

கடிதம் கிடைத்தது. டிட்டிலியா தூணிடம் அப்படிச் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்டுவிட்டேன்.

இங்கே காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகிறது. என்னை யாரும் தலைவர் என்று கூப்பிடுவதில்லை. "ஃபிஜி" என்று கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஆட்டு இறைச்சியோடு தின்கிறார்கள். நீயோ என் வீட்டுத் தூணில் சாய்ந்துகொண்டு என் பெண்டாட்டி தேங்காய்ப்பாலில் வைத்த மீனைத் தின்கிறாய். என் மகள் உனக்குத் தட்டு கொண்டு வந்து வைக்கிறாள். அவள் போன வாரம் என்னிடம் கேட்டாள்: "அப்பா, மாமா ஒரே கையில ரெண்டு பீப்பாய் தூக்குவாராமே, நீங்க தூக்குவீங்களா?" சயனைடுப் பீப்பாய் ஒன்றே நூறு கிலோ.

வேலை விஷயம். இதைப் படித்த அன்றே குழுவைக் கூட்டி வாசித்துக் காட்டு.

நாம் இத்தனை காலம் செய்துகொண்டிருந்தது தப்பு. சயனைடு கொட்டினால் தண்ணீர் அடிக்கவே கூடாது. நமக்குத் தீயணைத்துப் பழகிய கை, எது கொட்டினாலும் குழாய்க்குத்தான் போகும். கட்டியாக, காய்ந்து கிடக்கும் வரை அதை அள்ளலாம். ஈரம் பட்டால் கரைந்து ஓடும், கெட்ட காற்றும் கிளம்பும். காற்று நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி, காய்ந்த மண்வெட்டியால் அள்ளிக் காய்ந்த பீப்பாயில் போட வேண்டும். ஓடைக்குள் போய்விட்டால் வேறு எதையும் பார்க்காமல் கீழே இருக்கிற ஊருக்கு ஓட வேண்டும்.

கீழே இருப்பது வுனிதோவா. அவர்கள் நமக்கு மாமன் மச்சான் முறை ஊர், நாம் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.

இசிகேலி


மலையடி
13 ஆகஸ்ட் 1997

மச்சான் இசிகேலிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

ஏழாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சயனைடு லாரி பாலத்துக்கு மேல் வளைவில் கவிழ்ந்தது. முப்பது அடிப் பள்ளம். சரி, பன்னிரண்டு அடி. எட்டு பீப்பாய் உருண்டதில் மூன்று வாய் பிளந்து, வெள்ளை வெள்ளையாய்க் கோழிமுட்டை கொட்டின மாதிரி ஓடைக்கரை முழுக்கச் சரக்கு. பையன்கள் நடுங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். டிரைவரைத் தோளில் போட்டு மேலே ஏற்றினேன். அவன் தானாக நடந்து வந்ததாகச் சொல்லித் திரிகிறான், தலையில் அடிபட்டவன் பேச்சை யார் நம்புவார்கள்?

எல்லாம் கைக்குள் வந்துவிட்ட நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை! சரக்கைக் கரைத்து ஓடைக்குள் கொண்டுபோய்விட்டது. மழையை நான் என்ன செய்ய? மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் மழை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு வுனிதோவாவுக்குப் பறந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே திருவிழா நடக்கிறது. இறாலும் விலாங்கும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து வருகின்றன. பெண்கள் இடுப்புத் தண்ணீரில் நின்று கூடை கூடையாக அள்ளுகிறார்கள். கரையில் நாலு அடுப்பு எரிகிறது, ஓடைத் தண்ணீரையே மொண்டு பானையில் ஊற்றியிருக்கிறார்கள். நாம் மேலே துவா வேரை இடித்துப் போட்டு மீனை மயக்கிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்கள். வேர் போட்ட மீனைத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று அந்த ஊர்ப் பூனைக்குட்டிக்கும் தெரியுமே.

ஊர்ப் பெரியவர் எமோசி என்னைப் பார்த்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வாடா திருட்டுப் பயலே! மேல வேர இடிச்சுப் போட்டது நீ, கீழ அள்ளுறது நாங்க. பங்கு கேக்க வந்தியா?"

"பெரியவரே, இது வேர் இல்ல. விஷம். லாரி கவுந்துடுச்சு. மீனத் தொடாதீங்க, தண்ணி குடிக்காதீங்க!"

"ஆமா, போன வருஷம் பன்னிக் காய்ச்சல்னு சொல்லி எங்க மூணு பன்னிய ஓட்டிட்டுப் போய்ச் சுட்டுத் தின்ன வாய்தானே இது? இப்ப மீனுக்குக் காய்ச்சலா?"

தண்ணீருக்குள் இருந்து ஒருத்தி கத்தினாள்: "தூர நின்னு பேசு நேமானி, உன் எச்சி குழம்புல விழுது!" இன்னொருத்தி செத்த இறாலை எடுத்து என் தலைக்கவசத்தின் மேல் வைத்தாள். ஊரே உருண்டு சிரித்தது. நான் அடுப்பைக் காலால் உதைக்கப் போனேன், நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார வைத்து, "பசிச்சா சாயங்காலம் வா மச்சான்" என்று கன்னத்தைத் தட்டினார்கள்.

முறை ஊர்க்காரனிடம் அழுதாலும் நடிப்பு என்பான். ஆனால் திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு எவனும் பொய் பேசியதில்லை, என்னை மாதிரி ஆள்கூட. என்னிடம் பல் ஏது? உன் வீட்டுக்கு ஓட்டினேன். பத்து நிமிஷம் ஆகிற தூரம், ஆறில் போனேன்.

வாசலில் நின்று, "தூணே, இந்த வீட்டுல திமிங்கலப் பல்லு இருக்கா?" என்றேன்.

உள்ளே இருந்து டிட்டிலியா, "தூணே, எதுக்காம்?" என்றாள்.

"தூணே, அவசரம்!"

"தூணே, அது அவர் பொத்தி வச்சிருக்கிறது. எதுக்குன்னு எங்கிட்டயே சொல்லல. தர முடியாது."

மச்சான், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். "டிட்டிலியா, வுனிதோவாவுல பானையில விஷம் கொதிக்குது. குடு" என்றேன். அவள் பயந்துபோய் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பாய்க்கு அடியில் கையை விட்டு, உன் கோயில் சட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

திரும்பிப் போய் எமோசிக்கு முன்னால் சேற்றில் முழங்கால் போட்டுப் பல்லை இரண்டு கையிலும் ஏந்தினேன். சிரிப்பு அறுந்து விழுந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. நம்பமாட்டாய், எனக்கு! "உயிர் போகும்" என்று மட்டும் சொன்னேன். எமோசி பல்லை வாங்கி முகர்ந்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "கொட்டுங்க."

நாற்பத்திரண்டு பேர். எல்லாப் பானையும் கவிழ்ந்தது. அதற்கு முன்பே இரண்டு இறாலை வாயில் போட்டிருந்த கெலேபி என்கிறவனை மட்டும் லம்பாசா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பிழைத்துக்கொண்டான். கரையில் தண்ணீர் குடித்த பன்றி ஒன்று அங்கேயே காலை உதைத்துச் செத்ததைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள்.

செய்தித்தாளில் என் படம் வந்திருக்கிறது. அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். உன் படத்துக்கு மேலே இடம் இருக்கிறது.

பல்லை எடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, வேறு வாங்கித் தருகிறேன்.

நேமானி


கல்கூர்லி
24 ஆகஸ்ட் 1997

மச்சான்,

இன்று ஞாயிறு. டிட்டிலியாவிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.

மழையைப் பற்றிக் கேட்டேன். "மழையா? அன்னிக்கு ஏழு பாயும் வெளிய காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஒரு சொட்டு விழல" என்றாள். ஆகஸ்டில் நம் பக்கம் மழை பெய்து நான் பார்த்ததில்லை.

நீ தண்ணீர் அடித்திருக்கிறாய்.

என் கடிதம் எந்தத் தேதியில் உன் கைக்கு வந்தது? அறிக்கை இங்கே வந்திருக்கிறது. மழை அளவு பற்றி என் கருத்தைக் கேட்டு மேனேஜர் எழுதியிருக்கிறார். யார் நிரந்தரத் தலைவர் என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வாராம். ஒரு வரி எழுதினால் போதும், அந்த நாற்காலி எனக்கு. அந்த ஒரு வரியை நேற்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் படத்தை டிட்டிலியா அனுப்பியிருந்தாள். நான் எட்டு வாரமாகச் சாக்குப் பொம்மையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ தப்பைச் செய்துவிட்டு நாற்பத்திரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய். இந்த வயிற்றெரிச்சலில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எனக்கு இதைச் சொல்ல வாயில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பல் உனக்காக வைத்திருந்தது.

தேர்வைத் திடீரென்று வைக்கவில்லை. நீ தவெயுனிக்குப் போன மறுநாளே அறிவிப்பு வந்தது. உன் பெயர்தான் மேலே இருந்தது. உன்னிடம் சேர்க்கச் சொல்லி மேனேஜர் என் கையில் கொடுத்தார். தவெயுனிக்குத் தினம் படகு போகிறது. நான் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்று அனுப்பலாம், நாளை அனுப்பலாம் என்றிருந்தேன், தேர்வு நாள் வந்துவிட்டது. உன் ஆறாம் வகுப்பு காரணமே இல்லை. எழுதியிருந்தால் நீ தேறியிருப்பாய் என்று பயந்தேன்.

பல்லை வைத்து உன் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். திரும்பி வந்ததும் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டேன்.

இசிகேலி


மலையடி
2 செப்டம்பர் 1997

மதிப்பிற்குரிய திரு. இசிகேலி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

நாலு மாதமாக நான் என்னையே முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைப் படித்தேன். இது யாருக்கும் தெரியாது. தங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

மேனேஜருக்குத் தாங்கள் எந்த வரியை எழுத விரும்புகிறீர்களோ எழுதிக்கொள்ளலாம்.

தங்கள் வீட்டில் நான் இனிச் சாப்பிடப் போவதில்லை.

நேமானி


கல்கூர்லி
10 செப்டம்பர் 1997

மச்சான்,

அப்படித்தான் கூப்பிடுவேன். நீ எவ்வளவு மரியாதையாக வேண்டுமானாலும் எழுது.

மேனேஜருக்கு எழுதிவிட்டேன். மே மாத அறிவிப்பு என் பையில் கிடந்ததைத்தான் எழுதினேன். மழையைப் பற்றி எழுதவில்லை. அது உன் வாயிலிருந்து வர வேண்டிய விஷயம், வராமல் போனாலும் என் கையால் போகாது.

என்னிடம் இப்போது பல் இல்லை. இங்கே கடையில் கிடைப்பதாக இருந்தால் வாங்கியிருப்பேன், கங்காரு பொம்மைதான் கிடைக்கிறது. வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்கிறவனை நம் பக்கத்தில் நாய்கூட மதிக்காது. அதுவும் தெரிந்துதான் வருகிறேன். முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை விமானம்.

நீ வீட்டுக்கு வராததிலிருந்து டிட்டிலியா தூணை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று மகள் சொன்னாள்.

இசிகேலி


மலையடி
19 செப்டம்பர் 1997

மச்சான் இசிகேலிக்கு,

மூன்று நாள் கோபப்பட்டேன். ஊரில் இதுவரை யாரும் அப்படிக் கோபப்பட்டதில்லை, கோழியெல்லாம் மரத்தில் ஏறிக்கொண்டன. நாலாவது நாள் அலுத்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன், இந்த ஒரு தடவை சேர்மானம் இல்லாமல்.

உன் ஜூலைக் கடிதம் ஆகஸ்ட் நாலாம் தேதியே வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டானா என்று பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டேன். லாரி கவிழ்ந்தபோது அது என் நெஞ்சின் மேல்தான் இருந்தது. கை குழாய்க்குப் போயிற்று. அப்புறம் பிரித்துப் படித்தேன், நீ எழுதியிருந்தபடியேதான் போயிருந்தது. சரக்கறையைப் பார்த்துக்கொள்கிற அகனிசி தார்ப்பாய்களோடு வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்து, "தண்ணி அடிக்காத! பீப்பாய்லயே எழுதியிருக்கு, படி!" என்று கத்தினாள். "தலைவர் நீயா நானா?" என்று கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்தேன். பத்து நிமிஷம் அடித்தேன். வெள்ளை முட்டையெல்லாம் கரைந்து ஓடைக்குள் போவதைப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தத் தண்ணீர் நேராக வுனிதோவாவுக்குத்தான் போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீ ஒரு காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டாய், நானும் ஒன்றை வைத்துக்கொண்டேன். உன் காகிதத்தால் எனக்கு ஒரு விமானப் பயணம் போயிற்று. என் காகிதத்தால் ஒரு ஊர் போயிருக்கும். இதில் நான் எந்த முகத்தோடு உன் மேல் கோபப்படுவது?

மன்னிப்பு விஷயம். வெறுங்கையோடு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பல் எனக்காக வைத்ததுதானே? என் கைக்கு வந்துவிட்டது. உன் பெண்டாட்டியே கொடுத்தாள், நான் இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கினால் வாங்கினதுதான். அது என்ன ஏது என்று தெரியாமலே அன்றைக்கே அதைச் செலவழித்தும் விட்டேன், நாற்பத்திரண்டு பேருக்கு. நீ கேட்பதற்கு முன்னாலேயே உன் மன்னிப்பு தீர்ந்துபோய்விட்டது மச்சான். திருப்பிக் கொடு என்று கேட்டாலும் என்னிடம் இல்லை. எமோசியிடம் போய்க் கேள்.

பொறாமை வேறு விஷயம். அது அப்படியே இருக்கிறது. நீ பனிக்கட்டி பார்த்துவிட்டாய், நான் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் நேற்றுப் போனேன். மழை பெய்யவில்லை என்று சொன்னேன். அவர் உன் கடிதத்தை மேசையில் எடுத்து வைத்தார். அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தன் வந்த காகிதத்த உரியவன்கிட்ட குடுக்க மாட்டான். இன்னொருத்தன் வந்த காகிதத்தப் பிரிக்க மாட்டான். எனக்குக் காகிதம் வந்தா வந்த அன்னிக்கே படிக்கிற ஆள் வேணும்" என்றார்.

அகனிசிதான் தலைவர். நிரந்தரம். அந்தச் சொல்லை நன்றாகச் சத்தமாகவே சொன்னார். நம் இரண்டு பேரையும் அவளுக்குக் கீழே போட்டிருக்கிறார். இன்று காலை முதல் வேலையாக என்னை ஓடைக்கரைக்கு அனுப்பி, செத்த விலாங்குகளின் மிச்ச எலும்பையெல்லாம் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். மூச்சுக்கவசத்தை எத்தனை நிமிஷத்தில் மாட்டுகிறேன் என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பதினொன்று என்று எழுதிக்கொண்டாள். மச்சான், அவள் நம் குழுவுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை! நீ ஆறு, நான் பத்து! கேட்டால் வயிறு எரிகிறதா இல்லையா?

செவ்வாய்க்கிழமை லம்பாசா விமானத்தளத்துக்கு நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் மேல் கடுங்கோபத்தில் இருப்பதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், வுனிதோவாக்காரர்கள் பாதிப் பேர் சண்டை பார்க்க வருகிறார்கள். அதனால் படிக்கட்டில் இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்காதே. வண்டி ஊரைத் தாண்டட்டும். அகனிசியைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

நேமானி